காலும் கருத்தும்

ஓர் அறநெறி வினாவை ஆராயப் புகுவோர் தம்மிடத்துள்ள குற்றத்தை முதற்கண் சொல்லிவிடுதல் நேர்மை எனக் கருதுகிறோம். மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தோராண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர் நாம். அவ்வாண்டுகளில் உடற்கல்விப் பாடவேளையை எத்தனை முறை 'கடன்' வாங்கினோம் என்பதற்குக் கணக்கில்லை. கடன் என்பதும் பெயரளவில்தான். ஒரு நாளேனும் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும். பாடப்பகுதி முடியாமல் நிற்கும். உடற்கல்வி ஆசிரியரிடம் சென்று கேட்போம். அவர் மறுத்ததில்லை. மறுத்தால் தலைமையாசிரியர் அழைத்துச் சொல்வார் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். மைதானத்திற்குச் செல்ல வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பி வந்து பலகையில் அமர்வர். அவர்தம் முகங்களை நாம் பார்த்ததில்லை; கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தோம்.

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்று. பிறர் வைத்ததையும், மறந்ததையும், அவர் கொடாததையும் கொள்ளாதிருத்தல் என்று அதற்குப் பொருள் கூறக் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளின் விளையாட்டு வேளையை எடுத்துக்கொண்டது இதனுள் அடங்குமா, அடங்காதா? பணியிலிருந்த நாள்களில் இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்ததே இல்லை. அவர்கள் நன்மைக்காகத்தானே எடுத்தோம் என்ற விடை முன்னதாகவே ஆயத்தமாக இருந்தது.

இவ்வாண்டு நம் பெயரன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துள்ளான். கால்பந்தில் விருப்பமுள்ளவன். அவன் பயிலும் பள்ளியில் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரை அழைத்து, அரசுப் பொதுத்தேர்வு முடியும் வரை அவ்வகுப்பாருக்கு விளையாட்டில்லை என்று அறிவித்தனர். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்ற முறையில் நம்மையும் இரண்டு சொல் பேசுமாறு கேட்டனர். நல்ல முடிவு என்று பேசினோம், கையொலியும் கிடைத்தது. பெயரன் ஒன்றும் சொல்லாமல் காலணிகளைத் துடைத்துப் பரண்மேல் வைத்தான்.

ஐப்பசி முடிவதற்குள் வேறுபாடு தெரிந்தது. விடியல் ஐந்து மணிக்கு அமர்பவன் இரவு பத்து மணிக்குத்தான் எழுகிறான். சோம்பல் இல்லை, ஏடு திறந்தபடியே இருக்கிறது. ஆயினும் பத்தாம் வகுப்பில் மின்னலைப்போல் கணக்குச் செய்தவன், இப்போது ஒரே கணக்கின் முன் அரைமணி நேரம் உறைந்திருப்பதைக் கண்டோம். 'கவனக் குறைவு' என்று முதலில் நினைத்தோம். முப்பத்தோராண்டுகளாக எல்லாப் பிள்ளைகளுக்கும் நாம் எழுதிக்கொடுத்த நோய்ப்பெயர் அதுவேயன்றோ.

கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிறன்று ஜினாலயத்திற்கு அவனை அழைத்துச் சென்றோம். வலம் வருகையில் மூன்றாம் சுற்றில் திடீரென்று நின்றான். "தாத்தா, அந்த வெக்டர் கணக்கில் வரிசையை மாற்றிப் பெருக்கிவிட்டேன். அதனால்தான் விடைக்குக் குறி மாறி வந்தது" என்றான். இரண்டு நாள்களாக அவனைக் கட்டிப்போட்டிருந்த கணக்கு அது. கோயிலில் கணக்கை நினைப்பதா என்று கடிந்துகொள்ளலாமென நினைத்தோம், நா எழவில்லை. சுற்று முடிந்து சன்னிதியில் நின்றபோது மற்றொன்று கேட்டான்: "நம் பகவான் திருவுருவங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன, அல்லது நிற்கின்றன. நடக்கிற மாதிரி ஒன்றுகூட ஏன் இல்லை?" அக்கேள்விக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், வரிசை மாறினால் குறி மாறும் என்னும் அக்கணக்கு எங்கே பிறந்தது என்பதைச் சொல்லவேண்டும். அது பிறந்த இடம்தான் நம்மை நாணச் செய்தது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அனைவரும் ஐ, ஜே, கே என்ற மூன்று எழுத்துகளை அறிவர். இடவெளியின் மூன்று திசைகளைக் குறிக்கும் அலகு வெக்டர்கள் அவை. இவ்வெழுத்துகளை இப்பொருளில் நாம் பெற்றது வில்லியம் ரோவன் ஹாமில்டன் என்னும் அயர்லாந்து நாட்டுக் கணித அறிஞரின் வழியாக. கலப்பெண்கள் ஒரு தளத்தில் உள்ள புள்ளிகளைக் குறிக்க உதவுகின்றன. இரண்டு கலப்பெண்களைப் பெருக்கவும் வகுக்கவும் முடிகிறது. அதுபோலவே மூன்று கூறுகள் உடைய எண்களை அமைத்து இடவெளியைக் கணக்கிட இயலாதா என்பது ஹாமில்டனின் வினா. கூட்டல் எளிதாக அமைந்தது, பெருக்கல் அமையவில்லை. ஆண்டுக்கணக்காக முயன்றார். 1843 அக்டோபரில் நாள்தோறும் காலையுணவுக்கு அவர் வரும்போது, மும்மைகளைப் பெருக்க முடிந்ததா அப்பா என்று அவருடைய மைந்தர் கேட்பராம். இல்லை, கூட்டவும் கழிக்கவுமே முடிகிறது என்று அவர் தலையசைப்பாராம். பின்னாளில் தம் மகனுக்கு எழுதிய மடலில் அவரே இதனைக் குறித்துள்ளார்.

அவ்வாண்டு அக்டோபர் 16, திங்கட்கிழமை. டப்ளினில் அயர்லாந்து அரசக் கழகத்தின் ஆட்சிக்குழுக் கூட்டத்திற்குத் தலைமை தாங்குவதற்காக ராயல் கால்வாயின் கரைவழியே ஹாமில்டன் நடந்து கொண்டிருந்தார். மனைவியாரும் உடன் நடந்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார். புரூம் பாலத்தை நெருங்குகையில் விடை தோன்றிற்று. மூன்று கூறுகள் போதா, நான்கு வேண்டும். அதுமட்டுமன்று, ஐயை ஜேயால் பெருக்கினால் கே வரும், ஜேயை ஐயால் பெருக்கினால் கேயின் எதிர்க்குறி வரும். பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்று கணிதம் அதுகாறும் கொண்டிருந்த நம்பிக்கையைக் கைவிட்டால்தான் இக்கதவு திறக்கும். அவர் கைவிட்டார். மறந்துபோகுமோ என்னும் ஆர்வத்தால் சட்டைப்பையிலிருந்த கத்தியை எடுத்து அச்சமன்பாட்டைப் பாலத்தின் கல்லிலேயே கீறினார். அக்கீறல் இன்று இல்லை. நினைவுக்கல் ஒன்று அங்கே பதிக்கப்பட்டுள்ளது. 1990 முதல் அக்டோபர் 16 அன்று டன்சிங்க் வானாய்வகத்திலிருந்து அப்பாலம் வரை கணித ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடந்து செல்லும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அவர் கண்ட நான்கு கூற்று எண்களிலிருந்துதான், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கிப்ஸ், ஹெவிசைடு ஆகிய இருவரும் இன்று நம் பாடநூலில் உள்ள புள்ளிப் பெருக்கத்தையும் குறுக்குப் பெருக்கத்தையும் பிரித்தெடுத்தனர்.

பொதுவாக வெக்டர் இயற்கணிதம் கற்பிக்கத்தான் நமக்கு நேரம் போதுவதில்லை. ஆகவே அப்பாடத்தைத்தான் பெரும்பாலும் கடன் வாங்கிய உடற்கல்வி வேளைகளில் நடத்தினோம். நடந்தபோது பிறந்த ஒன்றை, நடக்கவிருந்த பிள்ளைகளை உட்காரவைத்துக் கற்பித்திருக்கிறோம்!

ஒரு கதையைக் கொண்டு ஒரு கொள்கையை நிறுவிவிட முடியாது என்பதை நாம் அறிவோம். ஹாமில்டனுக்குக் கால்வாய்க் கரை இருந்ததுபோல், நாற்காலியில் அமர்ந்தே விடை கண்டவர்களும் பலர் இருப்பர். அவர்கள் நாற்காலிக்கு எவரும் நினைவுக்கல் நாட்டுவதில்லை. கணக்கு ஆசிரியர் என்ற முறையில் அளவைக் கேளாமல் ஒன்றையும் ஒப்புக்கொள்ளுதல் நமக்கு வழக்கமில்லை. எனவே இதனை அளந்து பார்த்தவர் உண்டா என்று தேடினோம்.

அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மாரிலி ஒப்பெசோ, டேனியல் சுவார்ட்ஸ் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நான்கு சோதனைகள், 176 பேர். சட்டைப் பொத்தான் போன்ற எளிய பொருளொன்றின் பெயரைச் சொல்லி, அதனை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று குறித்த நேரத்திற்குள் சொல்லச் செய்தனர். அமர்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது பிறர் சொல்லாத புதிய பயன்களை மிகுதியாகச் சொன்னார்கள்; சராசரியாக 60 விழுக்காடு அளவுக்கு ஆக்கத்திறன் உயர்ந்ததென அவர்கள் கணக்கிட்டனர். இதில் நம்மை வியக்கவைத்தவை இரண்டு. வெறுஞ்சுவரை நோக்கி நின்று, ஓடுபட்டை இயந்திரத்தின்மீது நடந்தவர்களுக்கும் இவ்வுயர்வு காணப்பட்டது. ஆகவே பச்சை வயலும் பறவை ஒலியும் மட்டுமே இதற்குக் காரணமல்ல. கால் அசைவதற்கே ஓர் ஆற்றல் உண்டு. நடந்து முடித்து வந்து அமர்ந்த பின்னும் அந்த ஊற்றம் சிறிது நேரம் நீடித்தது என்பது மற்றொன்று.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. நடையைப் புகழ்ந்து எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். ஒரே ஒரு சரியான விடையுள்ள புதிர்களைக் கொடுத்தபோது நடந்தவர்கள் மேம்படவில்லை. சற்றுப் பின்தங்கவும் செய்தார்கள். பல வழிகளைக் கண்டுபிடிக்க நடை துணை செய்கிறது. கண்ட வழிகளுள் ஒன்றைப் பற்றி இறுதிவரை செல்வதற்கு அமர்ந்தாக வேண்டும். ஹாமில்டனும் பாலத்தில் கண்டதை அன்று தம் குறிப்பேட்டில் எழுதி, எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அதனை விரித்து எழுதுவதிலேயே கழித்தார். ஆகவே, பிள்ளைகளை உட்காரவைத்தது தவறன்று. எழவே விடாமல் உட்காரவைத்ததே தவறு.

உடலில் என்ன நிகழ்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. உடல் செலவிடும் உயிர்வளியில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. நடக்கையில் இதயத்துடிப்பு உயர்ந்து குருதியோட்டம் விரைகிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியோர் 120 பேரை ஓராண்டுக் காலம் பின்தொடர்ந்தனர். வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் வரை நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்கு இன்றியமையாத மூளைப்பகுதி 2 விழுக்காடு வளர்ந்திருந்தது. கைகால் நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அப்பகுதி சுருங்கியிருந்தது. எனினும், இத்தகைய ஆய்வுகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி 2023-இல் மீளாய்வு செய்தவர்கள், நலமாக உள்ளோர்க்குக் கிடைக்கும் அறிவுப்பயன் பலரும் முழங்குமளவுக்குப் பெரிதன்று என்று எச்சரித்துள்ளனர். இவ்வெச்சரிக்கையை நாம் வரவேற்கிறோம். நடந்தால் அனைவரும் அறிஞராகிவிடலாமென்றால் நம் ஊர் அஞ்சல்காரர் எத்தனையோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

நம் பட்டறிவுக்கு எட்டிய விளக்கம் இது. ஒரு சிக்கலின்முன் நெடுநேரம் அமர்ந்திருப்பவன் அதே வழியைத் திரும்பத் திரும்ப மிதிக்கிறான். உள்ளத்தின் மேற்பார்வையாளன் கண்டிப்பானவன். பயனற்றதென்று அவன் முத்திரையிட்டதை மீண்டும் உள்ளே விடமாட்டான். நடக்கத் தொடங்கினால், கல்லும் மேடும் பார்ப்பதில் அம்மேற்பார்வையாளனுக்குச் சிறிதளவு வேலை கிடைத்துவிடுகிறது. அவன் அப்பக்கம் திரும்பிய சமயம், விலக்கப்பட்டிருந்த எண்ணம் ஒன்று மெல்ல உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறது. வலம் வந்த பெயரனுக்கு நிகழ்ந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

இனி அவனுடைய கேள்வி. நடக்கும் நிலையில் ஜினர் திருவுருவம் ஏன் இல்லை? வீற்றிருக்கும் கோலம், நிற்கும் கோலம் என்னும் இரண்டே நமக்கு. சிரவணபெளகுளத்தில் 10-ஆம் நூற்றாண்டில் சாமுண்டராயர் செய்வித்த பாகுபலியின் பேருருவைப் பாருங்கள்: ஓராண்டு அசையாது நின்றதால் கொடிகள் காலிலும் கையிலும் படர்ந்திருக்கின்றன. அறிவின் உச்சிக்கு நம் முன்னோர் அசையா உடலையே அடையாளமாக வைத்தார்கள். அவ்வாறாயின் காலசைவு கருத்தசைவுக்குத் துணை என்று நாம் எழுதுவது மரபோடு முரண்படாதா?

சிலர் இதற்கு எளிதில் சமாதானம் சொல்லுவர்: நம் முனிவர்கள் வண்டி ஏறுவதில்லை, கால்நடையாகவே எங்கும் செல்கின்றனர், ஆகவே நடையின் நன்மையை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்று. இவ்விளக்கம் நமக்கு உடன்பாடன்று. அவர்கள் நடப்பது உடல்நலத்திற்காகவும் அன்று, கற்பனை வளத்திற்காகவும் அன்று. ஊர்தியால் உயிர்களுக்கு ஊறு நேரும் என்பதற்காகவும், ஓரிடத்தில் பற்று வேரூன்றும் என்பதற்காகவும். மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவதும் அவ்வாறே: முளைத்தெழும் தளிர்களும் பெருகும் சிற்றுயிர்களும் காலடியில் மடியாதிருக்க. பிற்காலத்து ஆய்வு முடிவுகளை முன்னோர் தலையில் ஏற்றிப் பெருமை கொள்வது வாய்மையாகாது.

உண்மையில் துறவியின் நடை, நாம் இதுகாறும் பேசிய நடைக்கு நேர் எதிரானது. ஈர்யா சமிதி என்னும் ஒழுக்கம், பகல் வெளிச்சத்தில், மக்கள் மிதித்துப் பழகிய தடத்தில், முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கியவாறு, எறும்பும் புழுவும் மிதிபடாமல் நடக்கச் சொல்கிறது. ஹாமில்டனுக்குக் கால் மறந்தது. அதனால் கருத்துப் பிறந்தது. துறவிக்கோ கருத்து அடங்குகிறது. கால் முழுவதும் நினைவாக இருக்கிறது. தியானம் என்பதும் எண்ணங்களைப் பெருக்கும் முயற்சியன்று, அவற்றை ஒடுக்கும் முயற்சி. அதற்கு அசையாமை பொருந்தும். வர்த்தமான மகாவீரர் துறவேற்றபின் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார் என்பதும், முழுதுணர் ஞானம் எய்திய பொழுதில் அசையாதிருந்தார் என்பதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பெயரனிடம் இவ்வளவும் சொன்னோம். "அப்படியானால் எது உயர்ந்த நடை, தாத்தா?" என்றான். பிள்ளைகள் இப்படித்தான் முடிச்சிட்ட கயிற்றை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றனர்.

இதற்கு விடை தேடுகையில் நம் நினைவுக்கு வந்தவை வேறு இரண்டு நடைகள்.

லியோ சிலார்டு ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1933-இல் இலண்டனில் தங்கியிருந்தவர். அணுவிலிருந்து ஆற்றல் பெறலாம் என்பது வெறும் பகற்கனவு என ரதர்ஃபோர்டு பேசியதை அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் செய்தித்தாளில் படித்தார். அதனை எண்ணியவாறு நடந்தவர், சௌத்தாம்ப்டன் சாலையில் போக்குவரத்து விளக்குக்காக நின்றார். பச்சை விளக்கு விழுந்து தெருவைக் கடக்கும்போது, ஒரு நியூட்ரான் ஓர் அணுவைத் தாக்கி இரண்டு நியூட்ரான்களை வெளியேற்றுமாயின் அது சங்கிலிபோல் தொடருமே என்னும் எண்ணம் உதித்தது.

ஐந்தாண்டுகள் சென்றன. லீசே மைட்னர் என்னும் பெண் இயற்பியலாளர், பெர்லினில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆய்ந்தவர், யூத மரபினர் என்ற காரணத்தால் 1938 சூலையில் மாற்றுடையும் போதாத நிலையில் செருமனியைவிட்டு வெளியேறிச் சுவீடனில் தஞ்சம் புகுந்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் குங்ஏல்வ் என்னும் சிற்றூரில் நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, தமக்கை மகன் ஓட்டோ ஃபிரிஷ் அவரைக் காண வந்தார். பெர்லினில் இருந்த பழைய கூட்டாளி ஓட்டோ ஹானிடமிருந்து மைட்னருக்கு ஒரு மடல் வந்திருந்தது. யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியதில் பேரியம் கிடைத்திருக்கிறது, இதற்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தார். இருவரும் பனியில் நடக்கப் புறப்பட்டனர். இளைஞர் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொள்ள, அறுபது அகவை அம்மையார் வெறுங்காலணியுடனேயே ஈடுகொடுத்து நடந்தார். அணுக்கரு உடையும் கல்லன்று, இழுபட்டுப் பிரியும் நீர்த்துளி போன்றது என்ற எண்ணம் அந்நடையில் உருவாயிற்று. மரக்கட்டை ஒன்றின்மேல் அமர்ந்து காகிதத் துண்டுகளில் கணக்கிட்டனர். பிளவுறும் இரு பகுதிகளும் விலகும் விசைக்கு 20 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. காணாமற்போகும் நிறையோ ஒரு புரோட்டானின் ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் அதனை இட்டால் அதே 20 கோடி. கணக்குப் பொருந்திற்று. நடந்து கண்டனர், அமர்ந்து சரிபார்த்தனர்; மேலே சொன்ன ஆய்வு முடிவுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆனால் 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவில் எரிந்தது இவ்விரு நடைகளிலும் பிறந்த கருத்தே.

சிலார்டு தாமே அணுகுண்டுத் திட்டம் தொடங்கத் தூண்டுகோலாக இருந்தவர். 1945 சூலையில், அதனைச் சப்பானியர்மீது பயன்படுத்துதல் ஆகாதென எழுபதின்மர் அளவில் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார். பயன் விளையவில்லை. ஃபிரிஷ் அமெரிக்கா சென்று அத்திட்டத்தில் பணியாற்றினார். மைட்னரையும் அழைத்தனர், குண்டு ஒன்றில் தமக்குப் பங்கு வேண்டாமென்று அவர் மறுத்துவிட்டார். தமக்கையின் மகனும் சிற்றன்னையும் ஒரே பனியில், ஒரே கணக்கோடு நடந்தவர்கள். ஒருவர் சென்றார், ஒருவர் நின்றார். ஃபிரிஷைக் குற்றவாளி என்று சொல்ல நாம் துணியவில்லை. ஹிட்லர் முந்திக்கொள்வானோ என்னும் அச்சம் அன்று பொய்யச்சமன்று. ஆயினும் மைட்னர் மறுத்த அந்த ஒரு கணத்தை நாம் மீண்டும் மீண்டும் எண்ணுகிறோம். அம்மறுப்பு எந்த நடையிலும் திடீரென்று தோன்றியதன்று என நினைக்கிறோம். காலின்கீழ் எவர் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து நடந்த நீண்ட பழக்கத்திலிருந்தே அத்தகைய மறுப்பு வரமுடியும்.

ஆகவே பெயரனுக்கு நாம் சொன்ன விடை இது. கால் மறக்கும் நடை உனக்குப் புதுக் கருத்தைத் தரும். அது நல்ல கருத்தா என்று சொல்லாது. சொல்லும் பொறுப்பு அதற்கில்லை. கால் நினைவோடு நடக்கும் நடை கருத்து ஒன்றையும் தராது. ஆனால் பிற உயிர் ஒன்று வழியில் இருப்பதைக் காட்டும். இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒரே வேளையில் செய்ய இயலுமா என்று உடனே கேட்டான். இயலாது என்றே இன்றளவும் நினைக்கிறோம். மாற்றுக் கருத்துடைய வாசகர்கள் எழுதலாம்.

இவ்விடத்தில் காந்தியடிகளின் இளமை நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது தலைமையாசிரியர் உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாசுக்கு இரண்டிலும் வெறுப்பு. நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய வீட்டுக்கு விரைவதே விருப்பம். ஒரு சனிக்கிழமை மேகமூட்டத்தால் பொழுது தெரியாமல், கையில் கடிகாரமும் இல்லாமல், தாமதமாகப் போய்ச்சேர்ந்தார். மெய்யைச் சொல்லியும் நம்பாமல் தண்டம் விதித்தனர். பொய்யன் என்று கருதப்பட்டதே அவரை அழவைத்தது. இந்நிகழ்ச்சியை வாய்மைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவர். தன்வரலாற்றில் அதே இடத்தில் அவர் எழுதியுள்ள மற்றொன்றை நாம் கவனிப்பதில்லை: உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என்று அந்நாளில் தாம் எண்ணியது பிழை, பாடத்திட்டத்தில் மனப்பயிற்சிக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் உடற்பயிற்சிக்கும் வேண்டும் என்கிறார். விளையாட்டை வெறுத்த அவரையும் ஒன்று காத்தது. திறந்தவெளியில் நீண்டதூரம் நடப்பதன் நன்மையை ஏதோ நூல்களில் படித்து அப்பழக்கத்தைக் கைக்கொண்டார். தண்டி நோக்கி 1930-இல் புறப்பட்டபோது அவருக்கு அகவை 60. அன்று துணைநின்ற கால்கள் பள்ளி நாளிலிருந்து நடந்த கால்கள்.

நாம் முப்பத்தோராண்டுகளில் எத்தனை பேரிடமிருந்து எதனை எடுத்துக்கொண்டோம் என்று இப்போது அளக்க வழியில்லை. பழைய மாணவர்கள் தெருவில் கண்டால் வணங்குகிறார்கள். உங்களால்தான் தேறினேன் என்கிறார்கள். அது பொய்யன்று. ஆனால் மைதானத்தில் மட்டுமே முகம் மலர்ந்து, வகுப்பில் கடைசிப் பலகையில் சுருங்கி அமர்ந்திருந்த சிலரும் இருந்தார்கள். வாரத்தில் இரண்டு வேளைதான் அவர்களுக்கு உரியதாக இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டோம். அவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் வணங்குவதில்லை. அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம் என்று இதுவரை சமாதானம் கொண்டிருந்தோம்.

பெயரனின் பள்ளிக்கு மறுபடியும் சென்றோம். பெற்றோர் கூட்டத்தில் பேசியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை மைதானத்திற்கு அனுப்புங்கள் என்று கேட்டோம். தாளாளர் மரியாதையாகத்தான் பேசினார். மற்றப் பெற்றோர் ஒப்பமாட்டார்கள் என்றார். தேர்வுக்குப்பின் பார்க்கலாம் என்றார். முன்பு நாம் பேசியதற்குக் கையொலி செய்தவர்கள்தாம் அந்த மற்றப் பெற்றோர். அவர்களை நொந்துகொள்ள நமக்கு வாயில்லை.

மாலை ஐந்தரை மணிக்குப் பெயரனும் நாமும் ஏரிக்கரை வரை நடந்து வருகிறோம். பரண்மேல் இருந்த காலணிகள் இப்போது வாசலில் கிடக்கின்றன. முழங்கால் வலியால் நமக்கு விரைந்து நடக்க முடியாது. அவன் சிறிது தூரம் ஓடி, மதகின்மேல் ஏறி நின்று காத்திருந்து, மீண்டும் திரும்பி ஓடிவருகிறான். சில நாள்களில் கணக்கு ஒன்றைச் சொல்கிறான். பல நாள்களில் ஒன்றும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நேற்று மழை விட்டபின் கரையின் குறுக்கே எறும்புச் சாரை ஒன்று நீண்டு கிடந்தது. ஓடிவந்தவன் அதனருகில் சட்டென்று நின்று, நம் கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துப் போனான்.